ஆறு மணி நேரப் பினாங்கு

(மூன்றாமாண்டு, சிவில்)

நம் பாலிடெக்னிக் ஆண்டு மலரில் வருடா வருடம் ஒரு சுற்றுலாக் கட்டுரை வந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சிப்போனால் மைசூர். இந்த வருடம் கொஞ்சம் தூரம். மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவு, அதுவும் உல்லாசக் கப்பலில். உடனே "பெரிய வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே! என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இந்தப் பயணம் எனக்காக ஏற்பாடு செய்ததும் அல்ல. என் அப்பாயிக்காக ஏற்பாடு செய்தது. அவரைத் தனியாக அனுப்ப முடியாதே என்று துணைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பாயிக்கு எழுபது வயது. மூன்று வயதில் தன் அம்மாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர், பதினாறு வயதில், 1970-ல், அதே நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்பாயியின் அம்மா 1966-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். "எங்கம்மா கும்புட்ட கோயில்ல ஒரு வெளக்கு ஏத்திட்டு வந்துடணும் தம்பி, அது போதும் எனக்கு." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாயி வாயில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் என் அத்தையும் மாமாவும் இருக்கிறார்கள். மாமாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அவர்கள் மகன், என் மச்சான், வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் 2024 மே மாதம் எங்கள் ஐந்து பேருக்கும் டிக்கட் எடுத்தார். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். மூன்று ராத்திரி கப்பலில். நடுவில் ஒரு நாள் பினாங்கில் நிற்கும்.

அப்பாயி அந்தக் காலத்தில் போன கப்பலின் பெயர் ரஜூலா. நம் டெல்டா மாவட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். 1926-ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று போய்வந்தது. கட்டிய காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். அதில் பெரும்பாலோர் டெக் பயணிகள். திறந்த தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். 1973-ல் ரஜூலா நின்றுவிட்டது. அதற்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985-ல் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு நம் கரைக்கும் மலேசியாவுக்கும் இருந்த பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோயிற்று.

நாங்கள் போன கப்பலில் லிப்ட், நீச்சல் குளம், நாடக அரங்கம், எந்நேரமும் சாப்பாடு. அப்பாயி முதலில் கேட்ட கேள்வி, "டெக்கு எங்கடா இருக்கு? பாயை எடுத்தாந்திருக்கலாம்ல?" மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அறையில் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாயி கீழே போர்வையை விரித்துத்தான் படுத்தார்.

மறுநாள் மதியம் கப்பல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில், சுவெட்டன்ஹாம் துறையில் கட்டியது. இந்தத் துறை 1904-ல் கட்டி முடிக்கப்பட்டது. இரவு ஏழரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இறங்க ஆன நேரம் போக எங்களுக்குக் கிடைத்தது சரியாக ஆறு மணி நேரம்.

கப்பலிலிருந்து இறங்கியதும் குடிநுழைவுச் சோதனை. வரிசையில் அப்பாயியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வெயிலோ பசியோ என்று நினைத்தேன். மெதுவாக என் காதருகே வந்து, "தம்பி, செவப்பு கார்டு கேப்பாங்களாடா?" என்றார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், போகச் சொன்னார். அவ்வளவுதான். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்குச் சுற்றுலா போய் 30 நாள் வரை தங்கலாம் என்று ஆகிவிட்டது. அப்பாயி வெளியே வந்தும் நம்பாமல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சிவப்பு அட்டை என்பது என்ன என்று அங்கேதான் மாமா எனக்கு விளக்கினார். மலாயா 1957-ல் சுதந்திரம் அடைந்தது. குடியுரிமை பெற்றவர்களுக்கு நீல நிற அடையாள அட்டை. குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கியிருந்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. விண்ணப்பம் போட்டிருந்தால் கொள்ளுத்தாத்தாவும் குடியுரிமைக்கு முயன்றிருக்கலாம். ஆனால் படிவத்தை யார் படிப்பது, யார் நிரப்புவது? அவர் கைநாட்டு. "இன்னும் நாலு வருசத்துல ஊருக்குப் போயிடப் போறோம், நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று விட்டுவிட்டாராம். 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக் கலவரம் நடந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டமும் அதையொட்டிக் கடுமையாக அமலுக்கு வந்தது. அதே வருடம் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியையும் இழந்தது. கப்பல் குறைந்தது, வேலை குறைந்தது. சிவப்பு அட்டைக்காரர்களுக்குச் சீட்டுக் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களில் ஒருவராகக் கொள்ளுத்தாத்தாவும் தாயில்லாப் பெண்ணோடு ரஜூலாவில் ஏறினார்.

துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா ராணியின் அறுபதாண்டு ஆட்சி நினைவாக ஒரு சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓரடி என்று உயரம் அறுபது அடி. இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டின் அதிர்ச்சியால் லேசாகச் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். அப்பா மட்டும் வந்திருந்தால் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்திருப்பார்! அதற்கு அந்தப் பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்து இறங்கிய இடம் இதுதான். 'பினாங்' என்றால் மலாய் மொழியில் பாக்கு. பாக்குமரத் தீவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசலில் சுற்றுலா வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று மணி நேரத்தில் பத்து இடம் காட்டுகிறோம் என்றார்கள். எங்கள் கப்பலில் வந்த மற்றவர்கள் அதில்தான் ஏறினார்கள். அப்பாயிக்கும் அத்தைக்கும் மட்டும் ஒரு மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷா பேசினோம். அங்கே ஓட்டுபவர் பின்னால் இருக்கிறார், சவாரி முன்னால் உட்காருகிறது. நாங்கள் மூவரும் கூடவே நடந்தோம்.

முதலில் கிங் தெரு. அங்கே ஒரு மாடி வீட்டின் பின்னறையில்தான் அப்பாயி வளர்ந்தார். நம்பர் ஞாபகமில்லை, ஆனால் முக்கில் இருந்து எத்தனையாவது வாசல் என்பது மனசில் இருந்தது. எண்ணிக்கொண்டே போய் நின்றார். வீடு அப்படியே இருக்கிறது. வளைவு, மரச் சன்னல், ஐந்தடி நடைபாதை எல்லாம் பழையபடி. ஆனால் இப்போது அது தங்கும் விடுதி. வாசலில் காப்பி விலைப் பலகை: ஒரு கோப்பை 14 வெள்ளி. (மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.) "எங்கப்பாவுக்கு ஒரு நாள் கூலி இவ்வளவு வராதுடா" என்றார் அப்பாயி. உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

இந்த மாற்றத்துக்கும் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2000-ம் ஆண்டோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியதும் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-ல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவர்கள் பிழைத்தன. சிவில் மாணவன் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் சுவரைக் காப்பாற்றுவதும் அதற்குள் இருந்தவர்களைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில். 1833-ல் எழுந்த கோயில். சுற்றிலும் இருந்த துறைமுகத் தொழிலாளர்களும் வியாபாரிகளும்தான் அதன் ஆதிப் பக்தர்கள். நாங்கள் போனபோது நடை சாத்தியிருந்தது. நாலரை மணிக்குத்தான் திறப்பார்களாம். அப்பாயியை அத்தையோடு நிழலில் உட்காரவைத்துவிட்டு மச்சானும் நானும் கடலோரமாக நடந்து சியூ படகுத்துறைக்குப் போனோம். சீனாவின் ஃபுஜியன் பகுதியிலிருந்து வந்தவர்கள் கடலுக்குள் கால் நட்டு, அதன்மேல் பலகை போட்டுக் கட்டிய வீடுகள். கரையில் இல்லை, தண்ணீர் மேலேயே ஒரு தெரு! அலை கீழே ஓடுகிறது, மேலே சைக்கிள் போகிறது. இவர்களின் முன்னோரும் துறைமுகக் கூலிகள்தான், படகுக்காரர்கள்தான். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் நடுக்கடவில் நிற்கும். தோங்காங் என்னும் தட்டைப் படகுகளில் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கரையிலிருந்து கிட்டங்கிக்குத் தலையிலும் தோளிலும் சுமந்து போனவர்களில் பலர் தமிழர்கள். அரிசி மூட்டை, ரப்பர்க் கட்டு, ஈயப் பாளம். இப்போது சரக்கு வேலையெல்லாம் எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் நடக்கிறது, அதுவும் கிரேன் வைத்து.

நாங்கள் திரும்பியபோது அப்பாயி ஒரு பூக்கடை அம்மாவோடு பேச்சில் மூழ்கியிருந்தார். பார்த்தால் பல வருடப் பழக்கம் போலிருந்தது. "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. அவருக்கும் கிட்டத்தட்ட அப்பாயி வயது. அவருடைய அப்பாவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான், அவரும் கைநாட்டுத்தான். ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி வாத்தியார் இருந்தாராம். ஒரு நாள் ராத்திரி அவரே வந்து உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பி, எங்கே போய்க் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். நீல அட்டை வந்தது. அந்தக் குடும்பம் தங்கிவிட்டது. பேரப்பிள்ளைகளில் ஒருத்தி நர்ஸ், ஒருவன் தொழிற்சாலையில் டெக்னீஷியன்.

அப்பாயி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுப் பக்கம் அப்புடி ஒரு வாத்தியார் இல்லாமப் போயிட்டார்" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. அந்த அம்மா மல்லிகைச் சரத்தைக் கிள்ளி அப்பாயி தலையில் வைத்துவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

நடை திறந்தது. உள்ளே வெளிச்சமும் சாம்பிராணி வாசமும் நம் ஊர்க் கோயில் மாதிரியேதான். அப்பாயி எண்ணெயும் திரியும் ஊரிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருந்தார். முதலில் அம்மாவுக்கு ஒன்று, அப்புறம் அப்பாவுக்கு ஒன்று. இரண்டு விளக்கு ஏற்றினார். இரண்டாவது விளக்கைப் பற்றி எங்களிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதன்பின் மார்க்கெட் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பாட்டு, புடவைக் கடை, பலகாரம் என்று அந்தத் தெருவே நம் ஊர்க் கடைத்தெருவைத் தூக்கிவந்து வைத்தது போல இருந்தது. பரிமாறியவர் எங்கள் பேச்சைக் கேட்டதும், "நீங்க திருவாரூர்ப் பக்கமா?" என்றார். அவருக்கு மன்னார்குடி அருகே ஒரு கிராமம். இருபத்தாறு வயது இருக்கும். ஐ.டி.ஐ. படித்தவர். டெக்னீஷியன் வேலை என்று சொல்லி ஒரு ஏஜண்ட் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு அனுப்பினாராம். வந்து இறங்கினால் வேலை வேறு, சம்பளம் வேறு. முதலில் சேர்ந்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டார்கள். தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோதுகூட ஊருக்குப் போக முடியவில்லை. "பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் படிக்கவே இல்ல தம்பி. கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். நீ என்ன படிக்கிற?" என்றார். சிவில் டிப்ளமோ என்றேன். "நல்லாப் படி. பேப்பரையும் படி" என்றார்.

ஏழு மணிக்குக் கப்பலில் ஏறிவிட்டோம். மேல் தளத்தில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் ஜார்ஜ் டவுன் விளக்குகள், எதிர்ப்பக்கம் பட்டர்வொர்த்தின் கிரேன்கள், தெற்கே 1985-ல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம். நண்பர்கள் காட்டச் சொல்வார்கள் என்று போட்டோ எடுத்தேன். ஆனால் என் மனதில் ஓடியது பாலம் இல்லை, மூன்று காகிதங்கள். கொள்ளுத்தாத்தா நிரப்பாத படிவம் ஒன்று. பூக்கடை அம்மாவின் அப்பாவுக்கு ஒரு வாத்தியார் நிரப்பிக் கொடுத்தது ஒன்று. மன்னார்குடிக்காரர் படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஒன்று.

நண்பர்களே, நம்மில் பாதிப் பேருக்கு டிப்ளமோ முடித்ததும் வெளிநாடு என்பதுதான் கனவு. அதில் தவறு ஏதுமில்லை. என் மாமா அப்படிப் போய்த்தான் ஒரு குடும்பத்தையே நிமிர்த்தினார். ஆனால் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. திரும்பி வந்தபின் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற முத்திரை இருக்கும். அவர்கள் மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெறவேண்டும். அப்போது ஒப்பந்தத்தை அதிகாரிகள் ஒருமுறை பார்ப்பார்கள். நாம் பத்தாவது தேறியவர்கள். நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதன் பொருள், நம் ஒப்பந்தத்தை நாம்தான் படித்தாக வேண்டும் என்பதே. ஏஜண்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் நம்மிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சுற்றுலாவாகப் போய் இறங்கு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விசா இல்லாமல் 30 நாள் என்பது என் அப்பாயி போல விளக்கேற்றப் போகிறவர்களுக்கு, வேலைக்கு அல்ல. இன்னொன்று: பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது மலேசியச் சட்டப்படியே குற்றம். ஒரு நகலையாவது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் முதியோர் உதவித்தொகை, கட்டடத் தொழிலாளர் நல வாரியம், பாஸ்போர்ட், பட்டா என்று எத்தனையோ படிவங்களை வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், வாயிலருகே இரண்டு மேசை, நான்கு பேனா, முறை வைத்து நான்கு மாணவர்கள் போதும். முதல் சனிக்கிழமைக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் மூன்று பேர் வேண்டும்.